நிழலில் உட்கார வைத்த வருஷம்

நம் காலை நடைக் கூட்டத்துப் பெண்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தினமும் தைல மரத் தோப்பு வரை போய்த் திரும்புகிறோம். சர்க்கரைக்காக ஒருத்தி, முட்டி வலிக்காக ஒருத்தி, மருமகள் முகத்தில் விழிக்காமல் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று ஒருத்தி. டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகுதான் நமக்கெல்லாம் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. போன வாரம் நம்மில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்: "எம் பேத்தி பத்தாவது போயிட்டா. ஷட்டில் பேட்டெல்லாம் புடுங்கி பரண்ல போட்டாச்சு. ஒரு வருஷம் குந்தி படிக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அப்போதே வாயைத் திறந்திருந்தால் சண்டையாகியிருக்கும். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வந்து, ஆத்திரம் அடங்கி, நிதானமாக எழுதுகிறேன். எனக்கும் ஒரு பத்தாவது இருந்தது.

அதற்கு முந்தைய வருஷம் வரை நாங்கள் ஆரம்பாக்கம் பக்கத்து ஊரில் இருந்தோம். எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ரோடு வழி சுற்று. வரப்பு வழி குறுக்கு. மழைக்காலத்து வரப்பில் நடக்க முடியாது, மெதுவாகக் காலை வைத்தால் சறுக்கும். ஓடத்தான் வேண்டும். பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவேன். திரும்பி வந்தால் கைப்பம்பில் தண்ணீர் அடிப்பேன். பம்புக் கைப்பிடி என் தலைக்கு மேலே எழும்பும். அதோடு நானும் ஒரு எம்பு எம்பி இறங்குவேன். பள்ளியில் கோகோ ஆட்டம். யாரும் அதற்கெல்லாம் உடற்பயிற்சி என்று பேர் வைக்கவில்லை. "அடங்காதது" என்று எனக்குத்தான் பேர் வைத்திருந்தார்கள்.

என் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை எட்டிப் பார்க்கும் தூரம், எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். அவர் சின்ன வயதில் பண்ணையில் ஏர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்ததும் கம்பி உருட்டும் ஆலையில் சேர்ந்தார். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பிவிட வேண்டும். பிடி தவறினால் கம்பி பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வரும். முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒரு முடி கிடையாது, எல்லாம் கருகிப் போனது. வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் முதுகுப் பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அம்மா நடவு நட்டே வளர்ந்தவள். சேற்றுப்புண் வந்து ஆறி, வந்து ஆறி, கால் விரல் இடுக்கெல்லாம் அழுகின வாழைப்பழத் தோல் நிறத்தில் இருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரே ஒரு ஆசை. "எம் பொண்ணு நெழல்ல குந்தி சம்பாரிக்கணும்." வெயிலில் நின்று, சேற்றில் குனிந்து, நெருப்பில் வெந்த ஆட்களுக்கு நிழல் என்பது மரத்தடி இல்லை. அது ஒரு பதவி. மேசை, நாற்காலி, மின்விசிறி, கையில் பேனா, எல்லாம் சேர்ந்ததுதான் நிழல். நான் பத்தாவது போனதும், என்னைக் கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ரயில் அலைச்சல் கூட எனக்கு ஆகாது என்று நைனா அங்கேயே ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஏதோ கம்பெனியின் மதில். துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

அந்த அறைக்கு முதலில் வந்த சாமான் ஒரு நாற்காலி. ஆலையில் வெல்டிங் வேலை செய்யும் கூட்டாளியிடம் சொல்லி, கழிவுக் கம்பியில் சட்டம் அடித்துக்கொண்டு வந்தார் நைனா. அம்மா பச்சையும் மஞ்சளுமாக பிளாஸ்டிக் வயர் வாங்கி, கூடை பின்னுகிற கையால் அதில் இருக்கை பின்னினாள். எங்கள் வம்சத்தில் முதல் நாற்காலி. அதில் என்னைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. நானோ அதிலிருந்து எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் வயரின் அச்சு தொடையில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும்.

"கால் மரத்துப் போவுதும்மா" என்பேன்.

"மரத்துப் போனா நீட்டிக்கோ. எந்திரிக்காத. இன்னா வோணும் சொல்லு, நான் எட்த்தாரேன்."

தண்ணீர் நாற்காலிக்கு வந்தது. தட்டு நாற்காலிக்கு வந்தது. சாப்பிட்டுக் கை கழுவச் சொம்பும் நாற்காலிக்கு வந்தது. லைன் வீட்டுப் பெண்களிடம் அம்மா பெருமை அடித்துக்கொள்வாள்: "மெய்யாலுமே சொல்றேன்கா, எம் பொண்ணு ஒரு சொம்பு தண்ணி மொள்றதில்ல." அவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துப் பொருமினார்கள். நான் அவர்கள் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொருமினேன்.

பள்ளிக்கூடமாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. கால அட்டவணையில் பி.டி. என்று போட்டிருக்கும். ஆனால் பத்தாவதுக்கு அது கணக்கு டீச்சரின் சொத்து. பி.டி. டீச்சர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்பு வாசல் வரை வருவார். கரும்பலகையில் வட்டத்துக்குத் தொடுகோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். கோகோவில் உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி "கோ" சொன்னால் எழுந்து ஓட வேண்டும் இல்லையா? அந்த வருஷம் என் முதுகில் தட்ட ஆளே இல்லை.

ஒரு நாள் அந்த பி.டி. டீச்சர் எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். நைனா பதறி எழுந்து, தோளில் இருந்த துண்டை இடுப்புக்கு இறக்கி, என் நாற்காலியை அவருக்குத் தூசி தட்டிப் போட்டார்.

"பொண்ணு பழைய ஸ்கூல்ல கோகோ நல்லா ஓடுச்சாமேங்க. டீமுக்கு ஒரு ஆள் குறையுது. சாயந்திரம் ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா போதும்" என்றார் டீச்சர்.

நைனா உட்காரவே இல்லை. நின்றபடி மரியாதையாகத்தான் சொன்னார். "ஓடி ஆடி எங்க சனம் போதும் போதும்னு பாத்தாச்சு டீச்சர். எங்கப்பன் மாட்டு பின்னால ஓடுனாரு. நான் கம்பி பின்னால ஓடிக்கினு கீறேன். இவளாச்சும் குந்தட்டும்."

டீச்சர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு யோசித்தால் நைனா சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. உழைப்பு உடம்பிலிருந்து எதையெல்லாம் பிடுங்கும் என்று அவருக்குத் தெரியும். அதே உடம்பு அசைந்தால் மனசுக்கு எதைக் கொடுக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நாளாவது வாய்த்ததா? விளையாட்டுக்காக ஓடிய மனிதரே இல்லை அவர்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் எனக்கு என்னவோ ஆனது. முதலில் தூக்கம் போனது. பிறகு பகலெல்லாம் தூக்கம். படித்த பாடம் பக்கத்தைத் திருப்புவதற்குள் மறந்தது. அழுகை வரும், எதற்கென்று தெரியாது. அம்மா எண்ணெய் தேய்க்க வந்தால் கையைத் தட்டிவிடுவேன், அப்புறம் அதற்கும் அழுவேன். நெஞ்சில் யாரோ அம்மிக் கல்லை வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். சொல்லலாம் என்றால் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. ராஜகுமாரி மாதிரி வைத்திருக்கிறார்கள், எனக்கென்ன கேடு என்று என்னையே திட்டிக்கொள்வேன். பாவம், அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை நினைத்தால் இப்போது இழுத்து அணைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அரையாண்டில் இரண்டு பாடம் போனது. நைனா அடிக்கவில்லை, திட்டவில்லை. "வீக்கா பூட்டா" என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் வீக் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா வியாதியையும் திணித்துவிடுவோம் இல்லையா? முகம் வாடினால் வீக். பேசாமல் இருந்தால் வீக். அழுதால் ரொம்ப வீக். லைன் வீடே வைத்தியம் சொல்ல வந்தது. ஒருத்தி ஈரல் என்றாள், ஒருத்தி பீட்ரூட் என்றாள், ஒருத்தி பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொன்னாள். எல்லாம் வாய்க்கு வந்தது, காலுக்கு ஒன்றும் வரவில்லை.

ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "வீக்காத்தான் இருக்கு. நல்லா ரெஸ்ட் குடுங்க."

"ரெஸ்ட்டுதான் சார். ஒரு டம்ளர் கூட எடுக்க வுடறதில்ல" என்றார் நைனா, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி.

"அப்படியே வச்சிருங்க" என்றார் டாக்டர்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டிலில் சொட்டு சொட்டாக இறங்குவதை நைனா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சம்பாத்தியம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மகள் உடம்பில் இறங்குகிறது என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது. "இது ஒண்ணு ஏறிட்டா கண்ணு, குதிர மாரி ஆயிடுவ" என்றார். குதிரையானால் ஓட இடம் வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஆட்டோவில் வந்து, நேராக நாற்காலிதான்.

பொங்கல் லீவு விட்ட அன்று சாயங்காலம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அழுகை கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அழுகை வருகிற வரைக்கும் உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நான் மெதுவாகச் சொன்னேன்.

"மா, எனக்கு இருக்கவே புடிக்கல."

என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல். இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றும் கேட்கலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றும் கேட்கலாம். நான் சொன்னது ஒன்று, அம்மா காதில் விழுந்தது இன்னொன்று.

"எனக்கு மட்டும் புடிச்சா கீது இந்த ஊட்ல? ஒரே புழுக்கம், பேஜாரு" என்று முறத்தைக் கீழே வைத்தாள். "நாலு நாள் சின்னம்மா ஊட்டுக்குப் போய் வரலாம் வா. நைனா கைல நான் சொல்லிக்கிறேன்."

நைனாவும் தடுக்கவில்லை. ஊரில் மரம் இருக்கிறது, அங்கேயும் நிழல்தான், போய்க் குந்தட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு ஆலையில் லீவு இல்லை. நானும் அம்மாவும் மட்டும் ரயில் ஏறினோம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்கள் பழைய ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். வாயில் என்னை விடப் பெரிய ஆள். நாங்கள் போனபோது அங்கே நவரைப் பட்டத்து நெல் நடவு. ஆள் குறைவு என்று அம்மாவும் தங்கையோடு வயலில் இறங்கினாள். என்னை மட்டும் வரப்போரத்துப் புங்க மரத்தடியில், கையில் சமூக அறிவியல் புத்தகத்தோடு உட்கார வைத்தாள். அங்கேயும் நிழல். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் இருந்தேன்.

"ஏ நெழல்காரி!" என்று சின்னம்மா வயலிலிருந்து கத்தினாள். "மகாராணி மாரி குந்திக்கினு கீற. பக்கத்துல கீதே நாத்து முடி, எட்த்து வீசு."

"அவள வுடுடி, வீக்கா கீறா" என்றாள் அம்மா.

"ஒரு முடிய வீசுனா இன்னா, கொறஞ்சா பூடுவா?"

எழுந்தேன். தலை கிறுகிறுத்தது. ஈரம் சொட்டும் நாற்றுக் கட்டைத் தூக்கி வீசினேன். அவள் கைக்கு எட்டாமல் எதிரே தொப்பென்று விழுந்து, சின்னம்மா முகமெல்லாம் சேறு தெறித்தது. "அய்யே, கண்ணு போச்சு!" என்று அவள் குதித்தாள். நடவுப் பெண்கள் எல்லோரும் இடுப்பை நிமிர்த்திச் சிரித்தார்கள். விழுந்த கட்டை எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் காலை வைத்தேன். முழங்கால் வரை இறங்கியது. அந்த ஜில்லிப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது. ஒரு காலை இழுத்தால் மற்றது புதைகிறது, அதை இழுத்தால் இது புதைகிறது. விழாமல் இருக்க உடம்பு முழுக்க வேலை செய்ய வேண்டியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

நடவு வேலையைப் பாட்டுக் கட்டிக் கொண்டாட நான் வரவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அது இடுப்பை ஒடிக்கிற வேலை. அந்தப் பெண்களுக்கு அது மருந்து இல்லை, பிழைப்பு. எனக்கு நாலு நாள் விளையாட்டு, அவ்வளவுதான். பந்தாக இருந்திருக்கலாம், கயிறாக இருந்திருக்கலாம், குழாயடிக் குடமாகக் கூட இருந்திருக்கலாம். அந்த உடம்புக்கு அசைவு வேண்டியிருந்தது. கிடைத்தது சேறு. அதுவும் மந்திரம் போட்ட மாதிரி ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் நாள் கை கால் எல்லாம் வலித்து, அதற்கும் ஒரு மூச்சு அழுதேன். ஆனால் அழுதுகொண்டே தூங்கிப் போனேன், விடிந்துதான் எழுந்தேன். மறுநாள் நானாகவே இறங்கினேன். அதற்கடுத்த நாள் சின்னம்மாவோடு யார் வரிசை நேராக இருக்கிறது என்று சண்டை போட்டேன். அம்மா நடுவதை நிறுத்திவிட்டு, சண்டை போடும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

பரீட்சை என்ன ஆனது என்று கேட்பீர்கள். தேறினேன். பெரிய மார்க் எல்லாம் இல்லை. டாக்டரிடம் பேசித் தீர்க்க வேண்டிய மனக் கஷ்டங்களும் உண்டு, எல்லாவற்றுக்கும் ஓட்டம்தான் மருந்து என்று சொல்கிற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை. நான் சொல்ல வந்தது பரீட்சையைப் பற்றியும் இல்லை. நைனா வந்த காலையைப் பற்றி.

ஆலையில் வார விடுமுறை கிடைத்ததும் முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டார். நல்ல சட்டை போட்டிருந்தார். எனக்காக ஆப்பிளும் ஹார்லிக்ஸும் பையில் இருந்தன. வீட்டில் யாரும் இல்லை என்று நேரே வயலுக்கு வந்தார். புங்க மரத்தடியில் புத்தகம் மட்டும் கிடந்தது. நான் தொடை வரை சேறோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன்.

நைனாவின் முகம் போன போக்கை எப்படிச் சொல்வேன்? அவர் அப்பா குனிந்த வயல் அது. அவர் மனைவி குனிந்த வயல். அதில் மகளும் குனிந்து நிற்கிறாள்.

"இன்னாமே இது?" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். "எம் பொண்ண சேத்துல எறக்கிட்டியா? இதுக்காமே நான் நெருப்புல வெந்துக்கினு கீறேன்? ஏறு கண்ணு மேல, ஏறு. இப்பவே ஊட்டுக்குப் போலாம்."

நான் நாற்றைக் கீழே போடாமல் சேற்றிலேயே நின்றேன். மறுபடியும் அந்த அறை, அந்த மதில், அந்த நாற்காலி. போனால் இந்த முறை நான் திரும்ப மாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா சேற்றிலிருந்து வரப்புக்கு ஏறினாள். புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்று அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அவள எங்கயும் இஸ்துக்கினு போவாத" என்றாள். "பொங்கலுக்கு முன்னால எங்கிட்ட இன்னா சொன்னா தெரியுமா? இருக்கப் புடிக்கலன்னா."

"எங்க இருக்கப் புடிக்கலயாம்? லைன் ஊட்லயா? வேற ஊடு பாக்கறேன், பெருசா..."

"நானும் அப்டித்தான்யா நெனச்சேன். கூட்டியாந்தேன். மூஞ்சப் பாத்துக்கினே இருந்தேன். நேத்து இவ சண்ட போடும் போதுதான் எனக்கு வெளங்குச்சு." அம்மா சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். "அவ ஊட்ட சொல்லலய்யா. எங்கயும் இருக்கப் புடிக்கலன்னு சொல்லிக்கீறா."

சின்னம்மா நாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நைனாவுக்கும் புரிந்தது. சிவக்கக் காய்ந்த கம்பிக்கு முன்னால் நிற்கிற மனிதர், நல்ல வேட்டியோடு ஈர வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆப்பிள் பை சரிந்து, இரண்டு பழம் தண்ணீரில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இப்போ?" என்றார்.

"இருக்கேன் நைனா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முகத்திலிருந்து துண்டை எடுக்காமலே அம்மாவிடம் சொன்னார்.

"இருக்கட்டும்மே. சேத்துலனாலும் சரி, வெயில்லனாலும் சரி. எம் பொண்ணு இருக்கட்டும்."